பச்சை டப்பா, சிவப்பு டப்பா

என் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர் குமிழ் கிடக்கிறது. அதன் வாயில் சிறிய உலோகக் கிண்ணம். குமிழை அமுக்கிக் கிண்ணத்தை நெஞ்சில் வைத்தால் அட்டையைப் போலக் கவ்விக்கொள்ளும். எடுத்தால் சிவப்பாக ஒரு வட்டம் விழும். என் மகள் அதைப் பழைய கார் ஹாரன் என்று நம்புகிறாள். நான் திருத்தவில்லை. ஹாரனுக்காவது கொஞ்சம் மரியாதை உண்டு.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுப்பவனாக இருந்தேன். இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டு, துறைமுகத்தில் நாற்காலி கிடைக்கும் என்று காத்திருந்து, கடைசியில் நாற்காலியோடு ஒரு கருவியும் கிடைத்தது. அங்கே பெரிய டாக்டர் இருந்தார். அவர் திறமையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஓடிவரும் காகிதச் சுருளை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, ஒழுங்கு தப்பிய துடிப்பு இதயத்தின் எந்த அறையில், எந்தப் பக்கம் பிறக்கிறது என்று சொல்லிவிடுவார். மூடிய வீட்டுக்குள் சத்தம் எந்த அறையிலிருந்து வருகிறது என்று தெருவில் நின்று கண்டுபிடிப்பதைப் போன்ற காரியம் அது. கைகாலில் கட்டும் பட்டைகள் தெருமுனையில் நின்று கேட்பவை. நெஞ்சில் ஒட்டும் குமிழ்கள் சுவரிலேயே காதை வைப்பவை. இரண்டும் வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

ஆனால் கடற்கரை ஆட்களுக்குப் பட்டை மட்டும்தான். அது அவர் சட்டம். "மீன் வாடை ரப்பர்ல ஏறுனா எறங்காது தம்பி. அடுத்து வாரவங்க என்ன நெனைப்பாங்க?" என்பார், வாசனைத் தைலம் தெளித்த கைக்குட்டையை மடித்துக்கொண்டே. கடலை வைத்துப் பிழைக்கும் ஊரில், கடல் வாடை ஆகாத ஆஸ்பத்திரி.

புன்னைக்காயலிலிருந்து ஒரு சங்கு குளிப்பவர் வந்தார். தண்ணீரிலிருந்து ஏறும்போது நெஞ்சு படபடத்து, வள்ளத்தின் விளிம்பிலேயே மயங்கிச் சரிந்தாராம். கூட வந்தவர் அவர் மனைவியின் தம்பி. குளிப்பவரின் இடுப்புக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் மேலே பிடிப்பான். அக்காவின் தாலி அவன் கைக்குள் இருப்பதாகக் கணக்கு. பட்டையில் எடுத்த படத்தைப் பார்த்துப் பெரிய டாக்டர், "மேலறையில வார துடிப்பு, பயமில்ல, குளிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டார். மைத்துனர் மட்டும் நகரவில்லை.

"ஏன்யா, முன்னால வந்த உப்பள மொதலாளிக்கு நெஞ்சு முச்சூடும் ஒட்டுனிய. எங்க மச்சானுக்கு நெஞ்சு இல்லையா?"

"ஏலே, சும்மா கெட," என்றார் குளிப்பவர். "அவரே போன்னுட்டாரு. நாளைக்குக் குளிக்கப் போணும்."

"நீ போவ. கயிறு எங்கையிலல்லா இருக்கு."

அந்தக் குரல் வராந்தாவைத் தாண்டியது. நியாயத்துக்காக அல்ல, அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் நான் குமிழ்களை எடுத்து ஒட்டினேன். புதுச் சுருளையும் குமிழ்களையும் தட்டில் வைத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஓடினேன். அவர் சுருளைத் தொடவில்லை. முதலில் ஒரு குமிழை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். ஒரு மனிதனின் உயிர் தட்டில் சுருண்டு கிடக்க, அவர் மூக்கு முந்திக்கொண்டது.

பிறகுதான் படத்தைப் பார்த்தார். "கீழறை. இடது பக்கம்," என்றார் மெதுவாக. "தண்ணிக்குள்ள இது தொடர்ந்தாப்ல வந்துட்டா ஆள் மேல வரமாட்டான்." அவர்களிடம் போய், "எனக்கு அப்பமே சந்தேகம்தான்" என்று கூசாமல் சொன்னார்.

குளிப்பவருக்குத்தான் ஆத்திரம். "மேலறைன்னே வச்சிருக்கலாம்லா டாக்டரே. கடலுக்குப் போவாம நான் என்ன செய்ய?"

"அக்காட்ட போய்க் கேளு," என்றார் மைத்துனர். "நான் இனிக் கயிறு பிடிக்க மாட்டேன்."

பல வருடம் கழித்து அந்தச் சங்கு குளிப்பவரை மீன் ஏலம் நடக்கும் இடத்தில் பார்த்தேன். ஏலம் கூறிக்கொண்டிருந்தார். இடையிடையே, தன்னைக் கரையில் கட்டிப்போட்ட மைத்துனரை ஊர் கேட்கத் திட்டிக்கொண்டும் இருந்தார். நல்ல குரல்.

பெரிய டாக்டரும் அந்தச் சுருளைப் பார்த்த நாளோடு திருந்தினார், தன் வழியில். கடற்கரை ஆட்களுக்கும் இனிக் குமிழ் உண்டு என்று அறிவித்தார். அதற்கென இன்னொரு செட் குமிழ்களும் வந்தன. பச்சை டப்பாவில் மற்றவர்களுக்கானவை, பவுடர் தூவி. சிவப்பு டப்பாவில் அவர்களுக்கானவை. டீக்கடையில் இரண்டு தம்ளர் வைத்தவனுக்கு இதயத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. இவருக்கு எல்லாம் தெரியும்.

ஒருநாள் அவரே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். கட்டிலில் போட்டுச் சட்டையைத் திறந்தேன். வேர்வை ஆறாக ஓடியது, பேச்சு குழறியது. அந்த நிலையிலும் தலையைத் தூக்கி என் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். "பச்சை…" என்றார். பச்சையையே திறந்தேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். பிழைத்தும் கொண்டார்.

இரண்டு டப்பாக் குமிழ்களையும் முதல் நாளிலிருந்தே ஒரே பேசினில் கழுவி, கைக்கு வந்ததை வந்த டப்பாவில் போட்டுவந்தவன் நான். சமத்துவக் கொள்கை ஒன்றுமில்லை. இன்னொரு பேசின் தண்ணீர் பிடிக்கச் சோம்பல்.

இப்போது ஏதோ வில்லையை ஒட்டுகிறார்கள், படம் எடுத்ததும் பிய்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். முன்னால் யார் நெஞ்சில் இருந்தது என்ற பேச்சே இல்லை. போன வாரம் எனக்கும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். இது பச்சையா, சிவப்பா? யோசிக்கும் முன்பே குமிழ் என் மூக்கருகே வந்திருந்தது. மக்கிய ரப்பர் வாடை, அவ்வளவுதான். ஆனால் என் முகம் சுளித்திருந்தது. விரல்கள் வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தன.