குழாயில் தண்ணீர் இல்லை என்ற செய்தி

வேடசந்தூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியை. மாணவர் இதழும் என் பொறுப்பு. பெண்கள் கழிப்பறைக் குழாயில் இரண்டு வாரமாகத் தண்ணீர் இல்லை என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்தி எழுதித் தந்தாள். தலைமையாசிரியர் அதை அடித்துவிட்டார்.

“இது வெளிய போனா பள்ளிக்கூடத்துப் பேரு என்னாகுறது? மரம் நட்டதப் போடுங்க டீச்சர்.”

மரத்தையே போட்டேன்.

“நான் எழுதுனது பொய்யா டீச்சர்?” என்று அவள் கேட்டாள்.

“நெசந்தாம்மா” என்றேன்.

மறுநாள் காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பது அவள் முறை. கடைசிச் செய்தியாகக் குழாயைப் பற்றி வாசித்துவிட்டாள். மதியத்துக்குள் தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து வழிபாட்டுச் செய்திகளைத் தலைமையாசிரியரே எழுதித் தருகிறார். இதழும் நின்றுவிட்டது. நானே அந்தக் குழாய்ச் செய்தியை அச்சில் போட்டிருக்கலாமே என்று இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.