தொப்பி போட்ட முயல்

முயலை அலுங்காமல் மாடிப்படி ஏற்றி இறக்கும் வழியைக் கண்டுபிடித்தவள் நான். அப்போது எனக்கு வயது எட்டு. இதை யாரிடம் சொன்னாலும் கொஞ்சம் பெருமையோடுதான் தொடங்குவேன். கடைசியில்தான் பெருமை குறையும்.

கண்டியில் எங்கள் வீடு கடையோடு ஒட்டியது. முன்னால் வாப்பாவின் புடவைக்கடை, பின்னால் நாங்கள், கடைக்கு மேலே பலகைத் தளம் போட்ட ஒற்றை அறை. அதில் சாச்சாவும் சாச்சியும் இருந்தார்கள். சாச்சா ஒரே வாரக் காய்ச்சலில் மவுத்தாகிவிட, சாச்சி கணவனை இழந்தவர்களுக்கான இத்தா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் அவர் படியிறங்கக்கூடாது. வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. வாப்பா தம்பி மனைவியிடம் ஏதாவது கேட்பதென்றால்கூடப் படியடியில் நின்று சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். சுவரும் பதில் சொல்லும்.

சாச்சா வளர்த்த முயல் பின்முற்றத்துப் பெட்டியில் கிடந்தது. மூன்று நாளாகச் சோற்றைத் தொடாத சாச்சி, அதைக் கொண்டுவரச் சொன்னார். முயல் மடியில் ஏறிக்கொண்டதும் அதைத் தடவிக்கொண்டே நாலு கவளம் சாப்பிட்டார். உம்மாவுக்கு உயிர் வந்தது. முயலோ பலகை இடுக்கு வழியாகக் கீழே கடையில் புதுச் சீத்தைத் துணிக்கட்டின்மேல் மூத்திரம் பெய்துவைத்தது.

வாப்பா சுவரைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். "இன்னொரு சொட்டு விழுந்தா நாளைக்குச் சோத்துக்கு முசல் ஆணம்தான்."

ஆகவே சாப்பாட்டு வேளைக்கு முயலை மேலே ஏற்றுவது, தட்டு காலியானதும் இறக்கிவிடுவது என்று ஏற்பாடு. ஒரு நாளைக்கு மூன்று தடவை. பொறுப்பை நானே அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

படியா அது? ஏணிக்குத் தம்பி. இரண்டாம் படியிலேயே முயல் பின்காலால் உதைக்கும். என் கை முழுக்கக் கீறல். படிக்கொரு கீரையாக வைத்துப் பார்த்தேன். இரண்டு படிக் கீரையைத் தின்றுவிட்டு உட்கார்ந்துகொண்டது. கூடையில் வைத்தால் கூடைக்கு வெளியே நின்றது. ஐந்தாம் நாள் நடுப்படியில் என் கையிலிருந்து பாய்ந்து, கடைக்குள் ஓடி, துணி வெட்டிக்கொண்டிருந்த வாப்பாவின் காலடியில் போய் விழுந்தது. முதுகு முறிந்து சாவதற்குள் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் உம்மா. முயல் போனால் சாச்சியின் சோறும் போகும். அது எனக்குக்கூட விளங்கியது.

அந்த நேரம் பார்த்து எனக்கு இன்னொரு கவலை பிடித்தது. உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"உம்மா, நம்மட முசல் கடுவன்தானே? கடுவனும் ஆம்பிளதானே? சாச்சியப் பாக்கலாமா?"

"போங்க மகள், எனக்கு வேல ஈக்கி."

பார்க்கலாம் என்று சொல்லவில்லையே! அப்படியானால் கண்ணை மறைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். கீழே எங்கள் கதவுக்குப் பின்னால் ஆணியில் சாச்சாவின் வெள்ளைத் தொப்பி தொங்கியது. அவர் போன பிறகு அதை யாரும் தொட்டிருக்கவில்லை. அத்தரும் வேர்வையும் கலந்த வாடை அடித்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. காதும் கண்ணும் மறைய முயலின் தலையில் மாட்டினேன்.

என் கைக்குள் அது அப்படியே தளர்ந்தது. பதினாலு படி. ஒரு உதை இல்லை.

மேலே போனதும் முயலைப் பாயில் விட்டு, "பயப்படாதீங்க சாச்சி, இதுக்கு ஒண்டும் தெரியாது" என்று நியாயத்தை எடுத்துச் சொன்னேன். சாச்சி தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை, போகப்போக அதன் சத்தம் வேறு மாதிரி ஆனது.

"இது ஆம்பிள இல்ல மகள்," என்றார் கடைசியில். "இது புள்ள. புள்ள பாக்கலாம்." தொப்பியை மெதுவாகக் கழற்றி என்னிடம் தந்தார்.

மார்க்கச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் நான் தொப்பியை விடவில்லை. இருட்டில் முயல் பயப்படாது, அதுதான் சூட்சுமம் என்று வீட்டில் எல்லாருக்கும் விளக்கினேன். வகுப்பில்கூட எழுந்து நின்று சொன்னேன். அதன்பிறகு முயல் ஒருநாளும் உதைக்கவில்லை. ஒரு சொட்டும் விழவில்லை.

இத்தா முடிந்த அன்று நாவலப்பிட்டியிலிருந்து சாச்சியின் காக்கா வந்தார், தங்கையை அழைத்துப் போக. பெட்டியும் முயல் கூடையும் கீழே வந்துவிட்டன. சாச்சி மட்டும் மேல்படியில் நின்றார். ஒரு காலை எடுத்து வைப்பார், பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

"வாங்க தங்கச்சி, ஸ்டேசனுக்கு நேரமாகுது, கோச்சி பெய்த்திரும்," என்றார் காக்கா.

சாச்சி அசையவில்லை. எனக்கு இந்த நோய் தெரியும். தொப்பியை எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன்.

"இதால கண்ண மூடிக்கிங்க சாச்சி. நான் கையப் புடிக்கிறன்."

வாங்கினார். கண்ணை மூடவில்லை. தொப்பியை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை நன்றாகத் திறந்தபடி, பதினாலு படியும் நில்லாமல் இறங்கினார்.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவ்வளவு விளக்கியும், கண்ணில் வைக்கவேண்டியதை மூக்கில் வைக்கிறாரே என்று. தப்பாகச் செய்தும் எப்படியோ சரியாக இறங்கிவிட்டார் என்றுதான் வெகுநாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.