கடைசி ஓவரை யாரிடம் கொடுப்பது

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று வீடு தேடி வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம். ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதியது இது. எழுத்துப் பிழைகளை அண்ணன் மகள் திருத்தியிருக்கிறாள். மற்ற பிழைகள் என்னுடையவை.

அண்ணன் திருவனந்தபுரத்துக்கு மேலே பொன்முடி மலையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். ஓர் அறை, ஓர் அடுப்பு, நான்கு பேர். மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறும், உப்பு வைத்து எடுப்போம். எல்லா வீட்டிலும் அதேதான் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு ஏழு வயதில் கடும் காய்ச்சல் வந்தது. மழையில் சாலை இடிந்து பஸ் வரவில்லை. அப்பா ஊருக்குப் போயிருந்தார், அம்மாவும் படுக்கையில். பதின்மூன்று வயது அண்ணன் என்னை ஒரு சேலையால் முதுகில் கட்டிக்கொண்டு மலைக்குக் கீழே இருக்கும் வித்துரா ஆஸ்பத்திரிக்கு இறங்கினார். விடிந்தும் மூடுபனி விலகவில்லை. ஒரு வளைவில் யானைப் பிண்டம் கிடந்தது. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் யானை பக்கத்தில்தான் எங்கேயோ நிற்கிறது. அண்ணனின் முதுகு நடுங்குவது என் நெஞ்சுக்குத் தெரிந்தது. அப்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"லேய், கடைசி ஓவர். அவனுகளுக்கு ஆறு ரன் வேணும். நம்ம நாட்டுக்கு இதுவர பந்து போட்ட அத்தன பேரும் நிக்காங்க. நீதான் கேப்டன். யார்ட்ட குடுப்ப?"

நான் ஒரு வேகப்பந்துக்காரர் பெயரைச் சொன்னேன்.

"போடா மண்டையா. வேகமா வர்ற பந்து பேட்ல சும்மா பட்டாலே போரும், நாலு ரன்னு. சுழல்காரன்ட்ட குடுக்கணும்."

அடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே இறங்கினோம். யானை எங்கே நின்றது என்று கடைசிவரை தெரியவில்லை.

அன்று முதல் அது எங்கள் வீட்டு வழக்கமானது. எங்களில் ஒருவருக்குப் பயம் வந்தால், அதை வாய்விட்டுச் சொல்லாமல், கடைசி ஓவர் யாருக்கு என்று கேட்பார். மற்றவர் மறுத்துப் பேச வேண்டும். எந்தக் காலத்துப் பந்துவீச்சாளரையும் சொல்லலாம், ஆனால் ஒருவரைத்தான் சொல்லலாம். எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அண்ணன் ஆயுள் முழுவதும் ஒரு சுழற்பந்துக்காரரைச் சொன்னார், நான் ஒரு வேகப்பந்துக்காரரைச் சொன்னேன். அந்த இரண்டு பெயர்களையும் இங்கே எழுதவில்லை. எழுதினால் வந்திருப்பவர்களில் பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்து போவீர்கள்.

அண்ணன் பத்தாம் வகுப்பு முடித்துத் திருவனந்தபுரம் வந்தார். சாலை என்னும் கடைவீதியில் குழாய், பைப் விற்கும் கடையில் சேர்ந்து, கடைசிவரை அங்கேயே இருந்தார். அப்பா அம்மாவை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். நாகர்கோவிலிலிருந்து மதினியைக் கைப்பிடித்தார். ஒரே மகள். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று யார் வந்து நின்றாலும், கடை மூடியபின் தானே பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்வார். வந்திருப்பவர்களில் பலருக்கு அது தெரியும்.

நான் பதினைந்து வயதில் ஓடிப்போனேன். லாரியில் கிளீனர், சாயப்பட்டறை, ஓட்டல் அடுப்படி, கட்டட வேலை, பிறகு கடல் தாண்டியும் கட்டட வேலை. ஒரு ஊரில் வெள்ளம் வந்து, மொட்டை மாடியில் இரண்டு நாள் நின்றேன். போனில் சார்ஜ் தீரும் நேரத்தில் அண்ணனைக் கூப்பிட்டு, கடைசி ஓவர் யாருக்கு என்றேன். எங்கே இருக்கிறாய், எப்போது வருவாய் என்று அவர் கேட்கவில்லை. என் குரலிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"ஒன் ஆளு சொந்த ஊர்ல புலி. வெளிய போய் என்ன கிழிச்சான்?" என்றார்.

"ஒன் ஆளுக்குப் பந்து நனஞ்சா பிடிக்கவே தெரியாதுல்லா!"

"அந்தக் காலத்துல நம்மகிட்ட வேகமே கிடையாதுடே. புதுப்பந்தத் தரையில தேச்சு, பளபளப்பப் போக்கி, சுழல்காரன் கையில குடுத்துத்தான் ஜெயிச்சோம். வரலாறு படி."

போன் அணைந்தது. கோபத்தில் எனக்கு அன்று ராத்திரி தண்ணீரின் நினைப்பு குறைந்தது.

சென்ற ஆண்டு அண்ணன் மகள் கூப்பிட்டாள். அண்ணனின் நுரையீரலில் வந்த புற்று பரவிவிட்டது, இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அண்ணனிடமும் மதினியிடமும் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று அவள் சொல்லிவைத்திருந்தாள். நான் வந்து சேர்ந்ததும் வாசலிலேயே என்னை நிறுத்தினாள். திருவனந்தபுரத்திலேயே வளர்ந்தவள், பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும்.

"சித்தப்பா, அப்பாட்ட கிரிக்கெட் மாத்ரம் பேசவேண்டா, கேட்டோ. மூச்சு முட்டும். எது சொன்னாலும் சரின்னு சொல்லுங்க. அது மதி, அது போதும்."

உள்ளே போனேன். அண்ணன் இரண்டு தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு இருந்தார். நலம் விசாரிக்கவில்லை.

"வந்துட்டியாடே? கடைசி ஓவர். ஆறு ரன். சொல்லு."

எதற்காகக் கேட்கிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மகள் சொன்னதுதான் மண்டையில் இருந்தது.

"ஒன் ஆளுக்கே குடுத்துரலாம்ணே," என்றேன். "நீ சொல்றதுதான் சரி."

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் விரல்கள் போர்வையைச் சுருட்டிப் பிடித்தன.

"எத்தன நாளுன்னு சொன்னாரு?"

"யாருண்ணே?"

"டாக்டரு."

"சளிதாம்ணே. ஊசி போட்டா..."

"சளிக்கெல்லாம் நீ தோக்கமாட்டடே."

 அடுப்படியில் மதினி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரக்கப்பட்டு நான் சொன்ன ஒரு வார்த்தை, வீடே மூடிவைத்திருந்ததை அவரிடம் சொல்லிவிட்டது. வேறு எந்த வீட்டிலும் அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும்னு மோள்ட்ட சொல்லாத. ஒன் மதினிட்டயும்," என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, "பயமா இருக்குடே," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"இனி விட்டுக்குடுத்தன்னு வையி, எந்திரிச்சு வந்து அறைவேன். எதுத்துப் பேசு."

அன்றிலிருந்து தினமும், மகள் வேலைக்குப் போய், மதினி சமையலில் இருக்கும் நேரத்தில் பேசினோம். நான் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்குவார். ஒவ்வொரு வாக்கியத்தின் நடுவிலும், இது முடியுமா என்று அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் குறைவாகப் பதில் சொல்லட்டும் என்று நானும் இரண்டு சொல்லில் நிறுத்துவேன்.

"என்ன, தந்தியா அடிக்க?" என்பார். "ஒழுங்காப் பேசு."

பேசினேன். பேசாவிட்டால் அவர் பயத்தோடு படுத்திருப்பார். பேசினால் மூச்சு போய்விடுமோ என்று நான் பயந்தேன். இரண்டில் எது நல்லது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் மகள் வேலைக்குப் போகாததை நாங்கள் கவனிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"எந்தாணு சித்தப்பா இது! நான் என்ன சொன்னேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணன்தான் பேசினார். "அவன விடு. நீ சொல்லு மோளே. கடைசி ஓவர் யாருக்கு?"

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கும் தெரிந்துவிட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னாள்.

"அது யாரு?" என்றோம் இருவரும்.

"பொம்பளையாளு டீம்னு ஒண்ணு உண்டுன்னே ரெண்டு பேருக்கும் தெரியாதல்லோ? இதுல நீங்க நாப்பது வருஷமா விவாதம்! நாணமில்லையா?"

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. உதடு நீலமானது. நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்திருந்தோம். மதினி ஓடிவந்து வாசலைப் பிடித்தபடி நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் மூச்சு வந்தது.

"நல்ல பாயின்ட்டு," என்றார் அண்ணன். "ஆனா தப்பு."

மறுநாள் காலை மதினி முகம் துடைத்துவிடும்போது அவர் மூச்சு அடங்கியது.

பேசிப் பேசியே தம்பி அவரைக் கொண்டுபோய்விட்டான் என்று உறவில் சிலர் சொன்னது என் காதுக்கு வந்தது. அவர்கள் மீது வருத்தமில்லை. நானே டாக்டரிடம் கேட்டேன். பேச்சினால் எதுவும் மாறவில்லை, நேரம் வந்துவிட்டிருந்தது என்றார். பெரும்பாலான நாட்கள் அதை நம்புகிறேன். சில நாட்கள் நம்ப முடிவதில்லை.

ஆக்சிஜன் சிலிண்டரை ஒவ்வொரு முறையும் மாடிக்குத் தூக்கிவந்த எதிர்வீட்டுச் சகோதரர்களுக்கும், வலியைத் தணிக்க மழையிலும் வீட்டுக்கு வந்து பார்த்த பாலியேட்டிவ் நர்ஸ் அம்மாவுக்கும், இறுதி நாளில் கடையை அடைத்துவிட்டு உடன் நின்ற முதலாளிக்கும் தொழிலாளிகளுக்கும், மதினிக்குத் துணையாகப் பதினாறு நாளும் தங்கிய நாகர்கோவில் உறவுகளுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. எங்கும் நிலைக்காத என்னை இந்த ஓராண்டு இங்கேயே இருக்கவிட்டு, வேளாவேளைக்குச் சோறு போடும் மதினிக்கு என் நன்றி தனி.

இந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோது மகள் கேட்டாள்: "சித்தப்பா, அப்பா சொன்னவர்தான் சரின்னு ஒரு வரி எழுதிரலாமே. இனி என்ன போட்டி?"

எழுத முயன்றேன். முடியவில்லை. நான் ஒப்புக்கொண்டால் அவர் போய்விட்டார் என்று ஆகிவிடும். எனக்கு அந்தத் தைரியம் இன்னும் வரவில்லை. அதனால், அண்ணே, நீ சொன்னது தப்பு.