பாஞ்சாலை கொடுத்த வண்டிக்கூலி

அப்படியானால் அந்தப் பணம் எங்கே போனது, அதை முதலில் சொல்லுங்கள். டிராக்டர்காரனிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு தம்பியின் ஜீப்பை மண்ணாக்கிவிட்டாள் பாஞ்சாலை என்று புதூர்நாட்டில் கடைக்குக் கடை பேசுகிறார்களே, வாங்கினவள் ஒரு புதுப் புடவையாவது எடுத்திருக்க வேண்டாமா? மலையை விட்டு இறங்கின அன்றைக்கும் அவள் கட்டியிருந்தது முழங்காலுக்கு நேரே ஒட்டுப்போட்ட பழைய சேலைதான். இன்சூரன்ஸ் கட்ட வக்கில்லாமல் மூன்று வருஷம் டிராக்டர் ஓட்டின தசரதன், சாட்சிக்குக் காசு கொடுத்தானாம். கொடுப்பதற்கு அவனிடம் என்ன இருந்தது? முனியம்மா கடையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறவர்களுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

பாஞ்சாலை நெல்லிவாசல்நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இரண்டே வருஷத்தில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. எட்டு வயசுத் தம்பி சடையன் மட்டும் மூக்கு ஒழுக நின்றான். அவனை ஆளாக்கியது அவள்தான். புளி உலுக்கினாள், சாமைக் கொல்லையில் களை பிடுங்கினாள், பலாப்பழத்தைத் தலையில் வைத்து அடிவாரம் வரைக்கும் நடந்தாள். அவன் டிரைவர் வேலை கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, தன் பங்குக்கு வந்த ஏழு புளியமரத்தையும் பத்து வருஷத்துக்குக் குத்தகை விட்டுக் கையில் கொடுத்தாள். கொடுத்ததை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

ஜீப் வந்தது. கூடவே சடையனின் பெண்டாட்டியாக ரஞ்சிதமும் வந்தாள். ரஞ்சிதம் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அடிவாரத்துப் பெண். வாய் கொஞ்சம் முன்னால் ஓடும். ஒருநாள் சந்தைக்குப் போக ஜீப்பில் இடம் இல்லை. முன் சீட்டில் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். கூலி கொடுக்கிற ஆள் ஒருவன் கீழே நின்றான். சடையன் பின்னால் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ரஞ்சிதம் அவள் காதோடு, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

“இன்னா அண்ணி, ஓசிக்கு ஏர்றவங்க பின்னால குந்தக் கூடாதா?”

பாஞ்சாலை இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த சந்தையிலிருந்து அவளும் கூலி கொடுத்துத்தான் ஏறினாள்.

மலையில் அப்போது வண்டிக்கூலி காசாக வருவது குறைவு. அறுப்பு முடிந்த மாதங்களில் ஆளுக்கு மூன்று படி சாமை, அல்லது ஒரு தூக்குப் புளி. ஜீப்பின் பின்கதவில் ஒரு கோணி கட்டித் தொங்கும். ஏறுகிறவர் அதில் கொட்டிவிட்டு ஏறுவார். வெறுங்கையோடு ஏற அங்கே யாருக்கும் மனசு வராது. பாஞ்சாலை தான் களை பிடுங்கிச் சேர்த்த கூலிச் சாமையை மடியில் கட்டி வந்து கோணியில் கொட்டினாள். சடையன் முதலில் சிரித்தான்.

“யக்கா, இன்னாக்கா இது கூத்து?”

“வுடுடா. எல்லாரும் குடுக்கறாங்க, நானும் குடுக்கறேன்.”

ஏன் என்று அவன் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் பழகிப்போயிற்று.

எண்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாதம். சந்தைக்குப் போய் மலை ஏறிக்கொண்டிருந்தது ஜீப். பதினோரு பேர் இருந்தார்கள். மூன்றாவது வளைவில், புளி மூட்டை ஏற்றிய டிராக்டர் பிரேக் பிடிக்காமல் இறங்கி வந்து மோதி, ஜீப்பைப் பாறையோடு வைத்து அழுத்தியது. உயிருக்கு ஒன்றுமில்லை. குப்பம்மாளுக்கு முன்பல் இரண்டு போயிற்று. பாஞ்சாலைக்கு இடது மணிக்கட்டு பிசகியது. ஜீப்பின் முன்பக்கம்தான் அப்பளமாக நொறுங்கிப்போயிற்று.

டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்திருந்தால் அந்தக் கம்பெனி நஷ்டம் கொடுத்திருக்கும். இல்லை. தசரதன் மேல் கேஸ் போடலாம் என்றார் திருப்பத்தூர் வக்கீல். ஜெயித்தாலும் அவனிடம் பிடுங்க ஒன்றுமில்லை, டிராக்டரே கடனில் நிற்கிறது என்றும் அவரே சொன்னார். மிச்சம் ஒரு வழிதான். சடையன் தன் ஜீப்புக்கு முழு இன்சூரன்ஸ் கட்டியிருந்தான். அந்தக் கம்பெனியிடமே கேட்பது. ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. சொந்த உபயோகத்துக்கான வண்டி என்று பதிந்தது அந்த ஜீப். கூலிக்கு ஆள் ஏற்றியது தெரிந்தால் ஒரு பைசா வராது.

சடையன் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னான். “கம்பெனி ஆளு வருவாரு. எல்லாம் சொந்தக்காரங்க, காதுகுத்துக்குப் போய்ட்டு வந்தோம்னு சொல்லுங்க. கூலின்ற பேச்சே வரக் கூடாது.” எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவிடம் மட்டும் அவன் அழுத்திச் சொல்லவில்லை. கூடப்பிறந்தவளிடம் கூலி கொடுத்தாயா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

நஷ்டத்தைப் பார்த்து எழுதுகிறவர் பெயர் பாண்டுரங்கன். நல்ல மனுஷன். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் குனிந்து நிமிர்ந்து ஜீப்பைப் பார்த்தார், படம் எடுத்தார். பிறகு வாசலில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராக விசாரித்தார். ஒன்பது பேர் காதுகுத்துக்குப் போய் வந்தார்கள். எந்தக் குழந்தைக்கு என்று கேட்டதில் மட்டும் மூன்று குழந்தைகள் வந்தன. அதற்கும் அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். கடைசியாகப் பாஞ்சாலை.

“நீங்க வண்டிக்காரருக்கு இன்னா ஆவணும்?”

“அக்காங்க.”

அதோடு முடிந்திருக்கும். பேனாவை மூடிக்கொண்டே, வேடிக்கையாகத்தான், அவர் இன்னொரு வார்த்தை சொன்னார்.

“அப்ப சரி. தம்பி வண்டி, ஓசியிலயே ஊரெல்லாம் சுத்தி வந்துட்டீங்க.”

கதவோரத்தில் ரஞ்சிதம் நின்றுகொண்டிருந்தாள். பாஞ்சாலை ஒருதரம் அவளைப் பார்த்தாள். பிறகு பாண்டுரங்கனைப் பார்த்தாள்.

“நான் ஓசியில ஏறனதில்லீங்க. ஒரு நாள்கூட ஏறனதில்ல. மூணு படி சாமை அளந்து கொட்டிட்டுத்தான் குந்துவேன். அன்னிக்கும் குடுத்தேன்.”

பாண்டுரங்கன் மூடின பேனாவைத் திறந்தார். “கூடப்பொறந்தவன் வண்டிக்கா?”

“ஆமாங்க.”

அத்தோடு நிற்கவில்லை. அக்காளே கூலி கொடுத்தாள் என்று ஆனபிறகு, சும்மா ஏறின ஆளாகத் தான் மட்டும் தெரிவது குப்பம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “நான் மட்டும் இன்னா, பிச்சக்காரியா? நானும் புளி குடுத்தேன் சாமி,” என்றாள் பல் போன வாயோடு. பின்னால் நின்ற அர்ச்சுனனும் தான் கொடுத்ததைச் சொன்னான். சடையன் ஜீப்பின் மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றான். பாண்டுரங்கன் அவனைப் பார்த்துச் சொன்னார்:

“காதுல வுழாத மாதிரி நான் போயிடலாம்ப்பா. ஆனா பத்துப் பேர் எதிர்ல சொல்லிட்டாங்களே.”

இரண்டு மாதம் கழித்துக் கடிதாசி வந்தது. தபால்காரர்தான் படித்துச் சொன்னார். கொடுப்பதற்கில்லை என்று எழுதியிருந்தது.

ஓசி என்ற அந்த வார்த்தை ஏன் அவளைச் சுட்டது என்று தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒன்று பாஞ்சாலை. இன்னொன்று ரஞ்சிதம். பாஞ்சாலை சொல்லியிருக்கலாம். சொன்னால் தம்பி பெண்டாட்டியைக் கேட்பான், கை ஓங்கினாலும் ஓங்குவான், ரஞ்சிதம் அப்போது ஆறு மாதம். அதனால் வாயைத் திறக்கவில்லை. ரஞ்சிதமும் திறக்கவில்லை. ஊர் திறந்துகொண்டது. தசரதன் ஒருநாள் மன்னிப்புக் கேட்க வந்து பாஞ்சாலையிடம் நின்று பேசிவிட்டுப் போனான். அதைப் பார்த்த முனியம்மாவுக்கு அது போதுமாயிருந்தது. கம்பெனி பணம் கொடுத்தால் பிறகு அதைத் தசரதனிடம் பிடுங்க வரும், அதைத் தடுக்கத்தான் அவளுக்குக் காசு என்று கதை கட்டினாள்.

ஜீப்பைப் பழைய இரும்புக்காரர்கள் துண்டு துண்டாக அறுத்து எடுத்துப்போனார்கள். சடையன் வேறொருவர் லாரிக்கு டிரைவராகப் போனான். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவான். அக்காவை அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள், திருப்பித் திட்டியிருப்பாள், வழக்கம்போல அடுப்பில் களி கிண்டியிருப்பாள். அவன் அவளிடம் பேசுவதையே விட்டுவிட்டான். தண்ணீர் வேண்டுமென்றால் ரஞ்சிதத்தைக் கூப்பிடுவான். சட்டை கிழிந்தால் அவனே தைத்துக்கொள்வான். ‘ஏன்க்கா அப்டிச் சொன்ன?’ என்று ஒரே ஒருதரம் கேட்டிருந்தால் என்ன? கேட்டிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாளா, அது வேறு. அவன் கேட்கவில்லை.

புரட்டாசியில் குழந்தை பிறந்தது. பெண். நாற்பது நாள் பாஞ்சாலைதான் வெந்நீர் போட்டு ஊற்றினாள், காலில் படுக்க வைத்துக் குளிப்பாட்டினாள், மருந்து இடித்தாள். நாற்பத்தொன்றாம் நாள் விடிந்ததும் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, இரண்டு சேலையைத் துணிப்பையில் மடித்து வைத்தாள். கலசப்பாக்கம் பக்கத்தில் ஒரு அரிசி மில்லில் நெல் காயவைக்க ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

ரஞ்சிதம் பார்த்துவிட்டாள். எழுந்து வந்தாள். “அண்ணி,” என்றாள்.

“கொழந்தைக்கு ராத்திரி சளி கட்டுது. தலைக்கு ஊத்தாத இன்னிக்கு,” என்றாள் பாஞ்சாலை.

சடையன் அன்றைக்கு வீட்டில் இருந்தான். வாசலில் குந்தி வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தான். பையைப் பார்த்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவன் வாயைத் திறந்தான்.

“சாப்ட்டுட்டுப் போறது.”

யாரிடமோ சொல்வதைப் போலச் சொன்னான். அவனுக்குப் பக்கத்தில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவன் நிமிரவில்லை.

“சாப்ட்டேன்டா,” என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டினாள். வீட்டில் அன்றைக்கு இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.