ராவு காலத்துல போட்ட டிவி

வர்ற திங்கக்கெயம டிவில பயில்வானுங்களோட பெரிய சண்டை கீது. மாசாமாசம் சின்னதா ஒண்ணு காட்டிக்கினே தான் கீறான், ஆனா வருசத்துக்கு ஒரு வாட்டி வருதே, அது தான் சண்டை. அந்த வெள்ளக்காரனுங்க ஊர்ல தனியா துட்டு கட்டினா தான் பாக்க வுடுவானாம். அங்க ராத்திரி, நமக்கு விடிஞ்ச நேரம். எனுக்கு எயுத படிக்க தெரியாது. மாசமா இங்க வந்து தங்கிக்கினு கீற பேத்தி, போன்ல இன்னாத்தையோ அமுக்கி குடுத்துட்டு, பேசு ஆயா, அதுவே எயுதிக்கும்னா. பேசிக்கினு கீறேன்.

என் புள்ள நேத்து வந்து சொல்றான், திங்கக்கெயம காலையில சம்பந்தி வூட்டாரு பேத்தியோட வளைகாப்புக்கு நாள் பேச வர்றாங்களாம், நான் டிவி பக்கமே போவக்கூடாதாம். போன வருசம் பட்டது போதுமாம். அவன் இன்னா பட்டான்? வெளிய போய் நின்னவரு வேற ஒருத்தரு.

இந்த பைத்தியத்த எனுக்கு ஒட்ட வெச்சதே அவன் தான். பள்ளிக்கூடம் போற வயசுல பயில்வானுங்க படம் போட்ட சீட்டு கட்டு வாங்கிக்கினு வருவான். எதிர் சீட்டுக்கு ஆளு இல்லன்னா என்ன குந்த வெச்சி ஆடுவான். எயுத்து தெரியாது, ஆனா நம்பர் தெரியும், மீன் விக்கறவளுக்கு நம்பர் தெரியாம போவுமா? ஒயரம், எடை எல்லாம் பாத்து அவன தோக்கடிப்பேன். அந்த கட்டு இன்னும் என் அரிசி டப்பாவுக்கு அடியில கீது. அதுல ஒருத்தன், அப்ப தோள் வரைக்கும் முடி. இப்ப மொட்டை, ரெண்டு முட்டியிலயும் கட்டு. அவன் தான் என் ஆளு.

போன வருசம் அவனுக்கு அது தான் கடைசி சண்டைன்னாங்க. அதே காலையில தான் பேத்திய பொண்ணு பாக்க வர்றாங்கன்னு முடிவாச்சி. ஏயரைக்கு ராவு காலம் பொறந்துடும், ஆறு மணிக்கு வந்து ஏயரைக்குள்ள பேசி முடிச்சிட்டு போயிடுவாங்க, அது வரைக்கும் டிவிய போடாதன்னான் புள்ள. சரின்னேன். பேத்தி தி.நகர்ல துணிக்கடையில பில்லு போடறா. பையனுக்கும் பக்கத்து கடை. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்து புடிச்சி போனது தான். இது கலைஞ்சா அவ உடைஞ்சிடுவான்னு எனுக்கு தெரியும்.

வந்தாங்க. பையன், அவங்க அப்பா, அம்மா. தேனாம்பேட்டையில ஒரு ஆபீஸ்ல கார் ஓட்டறவரு அந்த அப்பா, மடிப்பு கலையாத வெள்ள சட்டை. எங்க குப்பத்து சந்துல கார் வராது, முனையிலயே இறங்கி, மீன் தண்ணி வேட்டியில படாம ஒரு மாதிரி தூக்கி புடிச்சிக்கினு வந்தாரு. அப்பவே எனுக்கு சிரிப்பு. கேசரி துண்ணாங்க, பஜ்ஜி துண்ணாங்க, பேச்சு இயுத்துக்கினே போச்சி. கெளம்பறப்ப அந்தம்மா கடியாரத்த பாத்துட்டு திரும்ப குந்திக்கிச்சி. ஏயரை தாண்டி பூட்ச்சி. இனிமே ஒம்போது மணிக்கு தான் வாசல தாண்டுவாங்க.

பேசறதுக்கும் ஒண்ணும் மிச்சம் இல்ல. எனுக்கா உள்ள கொதிக்குது, என் ஆளு வர்ற நேரம். நான் ஏயரை வரைக்கும்னு தான சொன்னேன்? ரிமோட்ட எடுத்து போட்டுட்டேன். என் புள்ள தலையில கைய வெச்சிக்கினான். அடுப்பங்கரை தெரைக்கு பின்னால பேத்தி மூஞ்சி வெளுத்து போச்சி. அவ மூஞ்சிய நான் பாக்காம இல்ல. ஆனா அணைக்கல.

கொஞ்ச நேரம் பாத்துட்டு பையனோட அப்பா கேக்கறாரு, "இன்னாமா, இந்த வயசுல ஜட்டி போட்ட ஆம்பளைங்கள பாத்துக்கினு கீற?"

"நான் பொறந்தது இந்த கரையில நைனா. கோமணம் கட்டிக்கினு வலை இயுக்கறவங்கள பாத்து தான் வளந்தேன். இவனுங்களாவது எண்ணெய் தடவிக்கினு பளிச்சுனு வர்றானுங்க."

எல்லாம் பொய் சண்டைன்னாரு.

"சரி, பொய்யி. அவ்ளோ மேல இருந்து வுயறானே, அந்த வுயறதும் பொய்யா?"

அவரு எயுந்துட்டாரு. கெளம்புன்னாரு பொண்டாட்டிய. அந்தம்மா எடத்த வுட்டு அசையல. நல்ல காரியத்துக்கு வந்துட்டு ராவு காலத்துல வாசல தாண்ட மாட்டேன், வோணும்னா நீ போன்னுடுச்சி. எயுந்த ஆம்பள திரும்ப குந்துவாரா? வெளிய பூட்டாரு. சந்து முனையில, மீன் கூடைங்க நடுவுல, ரெண்டு பூனைக்கு பக்கத்துல போய் நின்னுக்கினாரு. பையன் யாரு பக்கம் போறதுன்னு தெரியாம வாசப்படியிலயே நின்னான்.

இங்க என் ஆள சின்ன வயசு பையன் ஒருத்தன் தூக்கி அடிச்சிக்கினு கீறான். ரெண்டு தோளும் தரையில, மூணு எண்ணினா தீந்துச்சி. ஒண்ணு, ரெண்டு, ஒரு தோள தூக்கிட்டான் மொட்டை. நான் தொடைய தட்டினேன். பக்கத்துல அந்தம்மா மெதுவா நகந்து வந்து கேக்குது, "யக்கா, இதுல நம்ம ஆளு யாரு?"

அப்பால நாங்க ரெண்டு பேரும் சேந்து எண்ணினோம். கடைசியில அவன் தோத்து தான் போனான். தோத்தவனுக்கு தான் எல்லாரும் எயுந்து நின்னு கை தட்டினாங்க. அந்தம்மா முந்தானையில கண்ண தொடச்சிக்கிச்சி, நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

ஒம்போது அடிச்சிச்சி. மனுசன் வேர்வையில சட்டையெல்லாம் நனைஞ்சி வாசல்ல வந்து நின்னாரு. அந்தம்மா பையில இருந்து மல்லிப்பூவ எடுத்து, பேத்தி தலையில வெச்சிடுச்சி. பூ வெச்சிட்டா முடிஞ்சிச்சி, அதுக்கு மேல யாரு இன்னா பேசறது? அவரு தண்ணி மட்டும் கேட்டாரு.

கடைசின்னாங்களே, மொட்டை இந்த வருசமும் வர்றானாம். எனுக்கு தெரியும், அவனால வூட்ல குந்த முடியாது. சம்பந்தியம்மா நேத்தே பேத்திக்கு போன் போட்டு, ஆறு மணிக்கெல்லாம் முடியாது, ஏயு மணிக்கு மேல தான் வருவோம்னு சொல்லிடுச்சி. ராவு காலத்துல மாட்டிக்கணும்னே வருது, எனுக்கு புரியாதா?

என் புள்ளைக்கு நான் சொன்னது இது தான், "டிவி ஓடும். சம்பந்திக்கு புடிக்கலன்னா சந்து முனையில ஒரு சேர் போட்டு வை. டீய அங்கயே குடுத்து வுடறேன்."