சலவைக்கடை மண்டுகள்

"மண்டு! பையில வீட்டுச் சாவியை வச்சபடியே சட்டையைச் சலவைக்குப் போட்டிருக்கியே, சாயந்திரம் எப்படி உள்ள போவ?"

எதிரே அசடு வழிய நிற்பவர் வங்கி மேலாளர். சலவைக்கடைக்காரிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இஸ்திரிப் பெட்டி சூடாகாவிட்டால் அது மண்டு, மழை வந்தால் மேகம் மண்டு, விரலைச் சுட்டுக்கொண்டால் அவளே மண்டு. புதிதாக வருபவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நாலு தடவை வந்து பழகிவிட்டால், திட்டு வாங்காமல் போவது அவர்களுக்கே என்னவோ போலிருக்கும். அகராதியைப் புரட்டினால் மண்டுவுக்கு அறிவில்லாதவர் என்றுதான் இருக்கும். அவள் வாயில் அதற்கு, 'நம்ம ஆளு' என்று பொருள். துணியை மேஜைமேல் விட்டெறிந்துவிட்டு விறைப்பாக நிற்கும் ஆசாமிகளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அவர்கள் வெறும் 'சார்', வெறும் 'மேடம்'.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பட்டத்தை அதிகம் வாங்கியவர் அவள் புருஷன்தான். "மண்டு, நீ காலரை மடிச்ச லட்சணத்தைப் பாரு!" அவரும் சளைத்தவரில்லை. "மண்டுவைப் பாத்துப் பாத்துக் கட்டிக்கிட்டவ நீதானே?"

போன மாதம் பக்கவாதம் வந்து அவருடைய வலது கை விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அவள் பேச்சே மாறிப்போனது. "உக்காருங்க." "பரவால்லைங்க, நான் பாத்துக்கறேன்." இடது கையோடு மல்லுக்கட்டி அவர் ஒரு சட்டையை மடித்து வைப்பார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இவள் சத்தமில்லாமல் பிரித்து மறுபடி மடிப்பாள். பாவம், பாசத்தில்தான் செய்தாள். அவருக்கோ சாப்பாடு இறங்கவில்லை. வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார்.

நேற்று மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டே விட்டார்.

"நான் என்ன, துணி போட வந்த ஆளா?"

"ஏங்க இப்படிப் பேசறீங்க?"

"இதோ, இந்த 'ங்க'தான். கை போனது போகட்டும். நானே போயிட்டேன்னு முடிவு பண்ணிட்டியா?"

அழுதால் அவர் தாங்கமாட்டார் என்று அவள் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, காலையெல்லாம் போராடி அவர் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே உதறிப் பிரித்து, அவர் மடிமேலேயே விட்டெறிந்தாள். "மண்டு, காலரை மடிச்ச லட்சணத்தைப் பாரு, நீயே மறுபடி மடி!"