நின்றபடி எடுத்த அளவு

அந்த நடனமணியை யாராவது என் முன்னால் புகழ்ந்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. புகழுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அவர் ஆடும்போது ஊரே வாயைப் பிளந்து பார்த்தது, நானும்தான் பார்த்தேன். அவர் படம் வந்த பத்திரிகையை யாருக்கும் இரவல்கூடத் தராதவள் நான்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் அப்பா தையல் கடை வைத்திருந்தார். ஸ்ரீரங்கத்தில் நடனம் கற்றுக்கொண்ட பெண்களுக்கெல்லாம் அவர்தான் உடை தைப்பார். ஆனால் எந்தப் பெண் மேலும் டேப்பை வைக்கமாட்டார். திரைக்குப் பின்னால் நான் அளந்து, சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதினைந்து வயதில் அந்தக் கடையில் எனக்கிருந்த கௌரவம் அது. நடன உடைக்கு மட்டும் நிற்கவைத்து அளக்கக் கூடாது. முழங்காலை மடக்கி அரைமண்டியில் இருக்கச் சொல்லித்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடும்போது தொடைத் தையல் விட்டுவிடும். இதை அப்பா எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

அறுபதுகளின் தொடக்கம். அந்த நடனமணியின் உடைப்பெட்டி ரயிலிலேயே மதுரைக்குப் போய்விட்டதாம். மறுநாள் சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் கச்சேரி. உடை தைக்க ஒரு புதுப் பட்டுப்புடவையோடு எங்கள் கடைக்கே வந்துவிட்டார். அப்பா லைனிங் துணி வாங்கப் பஜாருக்கு ஓடினார். திரைக்குப் பின்னால் நானும் அவரும்தான்.

"கொஞ்சம் அரைமண்டியில இருங்கம்மா, அளந்துக்கறேன்," என்றேன்.

"எனக்கே நீ ஆட்டம் சொல்லித் தரியா? நின்னா போதும். சீக்கிரம் அள," என்றார்.

அளந்தேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்தக் கோபம் என் மேலும் உண்டு.

அப்பா சோறு தண்ணி இல்லாமல் தைத்து முடித்தார். மறுநாள் இரண்டு பேரும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தோம். முதல் அரைமண்டியிலேயே தையல் பிரிந்தது. அவர் உள்ளே போய், வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து ஆடினார். கைதட்டல் காதைப் பிளந்தது. எந்தத் தையற்காரன் என்று முன்வரிசையில் விசாரித்தார்கள். அந்தப் பேச்சு எங்கள் காதுக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும்?

நிற்கவைத்து அளந்தாயா என்று அப்பா கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"அவ்வளவு பெரிய ஆட்டக்காரங்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? செஞ்ச தப்பு போதாதுன்னு பொய் வேறயா?" என்றார். அதற்கு முன் அவர் என்னைப் பொய்க்காரி என்று சொன்னதே இல்லை.

மறுநாள் காலை ஸ்ரீரங்கத்தில் அந்த அம்மாள் தங்கியிருந்த வீட்டுக்கு அப்பா என்னை இழுத்துக்கொண்டு போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, என் பெண்தான் தப்பாக அளந்துவிட்டாள், மன்னிக்க வேண்டும் என்றார். நான் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தேன். நான்தான் அவசரப்படுத்தினேன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என்னைப் பார்த்தவுடன் கண்ணைக் காபி டம்ளர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சின்னப் பொண்ணுதானே, போகட்டும். இனிமே கவனமா இருக்கச் சொல்லுங்க," என்றார்.

மன்னிக்கிறாராம். யார் யாரை மன்னிப்பது? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கைகூப்பி நிற்கிற அப்பாவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவுக்கு ஒரே பூரிப்பு. எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பெரிய மனசு என்று பாலம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். சாகிறவரைக்கும் அப்படித்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்த பெண்களிடமெல்லாம் அளவு ரவிக்கை கொண்டுவரச் சொன்னார். அளவெடுக்க இங்கே ஆள் இல்லையா என்று கேட்டவர்களிடம், இல்லை என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.